கைப்பிள்ளைக்காரியின் ஓட்டவியல்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து

வகைப்பாடு

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உடைய பெண் ஓடும் ஓட்டம் மூவகைப்படும்: காரண ஓட்டம், இடுகுறி ஓட்டம், காரண இடுகுறி ஓட்டம். பெயர்ச்சொல்லுக்கு இலக்கணிகள் வகுத்த பிரிவை ஓட்டத்துக்கும் பொருத்தக் கூடாது என்று நன்னூலில் தடை எதுவும் இல்லை. ஒரு காரியத்தை முன்னிட்டு ஓடுவது காரண ஓட்டம். காரியம் எதுவுமின்றி ஓடுவதற்காகவே ஓடுவது இடுகுறி ஓட்டம். பார்ப்பவருக்குக் காரணம் உடையதாகவும் ஓடுபவளுக்குக் காரணம் அற்றதாகவும் அமைவது காரண இடுகுறி ஓட்டம். முதல் வகை தோட்டத்தில் தேவைக்கு மேல் கிடைக்கிறது. இரண்டாம் வகை அரிது. மூன்றாம் வகை பரவலாக இருந்தும் யாரும் ஒப்புக்கொள்ளாதது.

சிறுபிள்ளைத் தாய் தன் நாளில் ஓட்டத்துக்கு எங்கே இடம் காண்பது என்ற கேள்வியை உடற்பயிற்சி நூல்கள் ஒரு நேரக் கணக்காகவே பார்க்கின்றன. அதிகாலையில் அரை மணி, பிள்ளை தூங்கும் பகலில் அரை மணி, கணவர் வீடு திரும்பிய பின் அரை மணி என்று அவை மூன்று விடைகளைத் தருகின்றன. ஊவாவில் அதிகாலை ரொட்டி சுடுவதற்கு உரியது. பகலில் பிள்ளை தூங்கும் நேரத்தில் தாய் மலையில் நிற்கிறாள். கணவர் கொழும்பில் ஹோட்டலிலோ கடையிலோ வேலை செய்பவரானால் வீடு திரும்புவது தீபாவளிக்கு. ஆகவே கணக்கை மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இந்தத் தாயின் நாளில் ஓட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஓட்டம் நிறைந்து கிடப்பதால்தான் இன்னோர் ஓட்டத்தை நுழைக்க இடமில்லை.

நிலம்

ஊவா மாகாணம் பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. தேயிலையில் பெரும்பகுதி பதுளை மாவட்டத்தில் இருக்கிறது. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேலும், அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலும் அமைந்தவை. பசறைப் பக்கத்துத் தோட்டங்களைப் பார்த்தபடி நமுனுகுலை மலை 2,036 மீற்றரில் நிற்கிறது. இவற்றுக்கிடையே சமதளம் என்று சொல்லத்தக்கது சிறிதளவே. அதிலும் முதலில் ஸ்டோரும், பிறகு துரை பங்களாவும், பிறகு கோயிலும் அமர்ந்துவிட்டதால் தொழிலாளர் வாழும் லயத்துக்குச் சரிவு மிஞ்சியது.

சரிவைக் கையாள இரு வழிகள் உண்டு: சுற்றுவது, வெட்டுவது. 1924இல் பதுளைவரை ரயில் பாதையைக் கொண்டுவந்தவர்கள் முதல் வழியை எடுத்தார்கள். தெமோதரையில் பாதை ஒரு வட்டமாகச் சுற்றித் தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது. அதைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, பிந்திவிட்ட தாய்க்கு வட்டமடிக்க நேரமில்லை. அவள் எடுப்பது குறுக்கு. தோட்டத்து றோட்டு கொண்டையூசி வளைவுகளாக இறங்கும்போது குறுக்கு அவற்றை வெட்டிக்கொண்டு நேராக இறங்கும். மண்ணில் வெட்டிய படி, ஒரு கான், படியாகப் பயன்படும் ஒரு வேர், இன்னொரு கான், சென்ற மழைவரை படி இருந்த இடம் என்பது அதன் பொதுவான அமைப்பு.

இத்தகைய தரையில் ஓடும் உடலுக்கு இறக்கமே ஏற்றத்தைவிடக் கடினமான ஆசிரியர். ஏற்றம் மூச்சை வாங்கும். நின்றால் மூச்சு திரும்பிவிடும். இறக்கத்தில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே இறுகி உடலைப் பிடித்து நிறுத்துகிறது. பழக்கமில்லாதவருக்கு அதன் வலி மறுநாளும் அதற்கடுத்த நாளும் தெரியும். இறங்கி இறங்கிப் பழகிய தசை அவ்வளவாக நோவதில்லை. புதிதாகப் பதவிக்கு வந்த சின்னத்துரை முதல் வாரத்தில் படியிறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி இறங்குவதும், அவரைக் கடந்து ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு ஓடிப்போவதும் இந்த உடலியல் விதிக்கு நேர்ச் சான்று.

காரண ஓட்டம்

நாளின் முதல் ஓட்டம் பிரட்டோட்டம். இதன் தூரம் லயத்துக்கும் பிரட்டுக்களத்துக்கும் இடைப்பட்ட தூரம் என்று எண்ணுவது பிழை. பிள்ளை எந்த அளவுக்கு ஒத்துழைக்கிறது என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். கதவைப் பூட்டும் தறுவாயில் பிள்ளைக்கு வெளிக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் எழுவது எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவான விதி. உயரத்தாலோ மண்ணாலோ கம்பனியாலோ இதில் வேறுபாடு ஏற்படுவதில்லை.

பிரட்டோட்டம் இரு கட்டங்களாக நடைபெறும். லயத்திலிருந்து பிள்ளை மடுவம்வரை சுமையோட்டம். அங்கிருந்து களம்வரை வெற்றோட்டம். ஆவணங்களில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று எழுதப்படுவதும் பேச்சில் பிள்ளை மடுவமாகவே நீடிப்பதுமான அந்த இடத்தில், ஆயாம்மாவின் கைக்குப் பிள்ளை மாறும் கணம் நுட்பமானது. பிள்ளை தாயின் உடுப்பைப் பிடித்திருக்கும் விரல்களை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். ஐந்தாவதை விடுவிக்கும்போது முதலாவது மீண்டும் பிடித்திருக்கும். பிறகு தாய் ஓடுகிறாள். அழுகை காதில் விழும்வரை அவளது வேகம் சீராக இருக்கும். அழுகை திடீரென்று நின்றால் வேகம் குறையும்; ஏன் நின்றது என்று திரும்பிப் பார்ப்பாள். பிந்திப் போனால் பேர் விழாது. அன்றைய நாள் சம்பளம் கையை விட்டுப் போவதற்குக் குறுக்கில் இரண்டு படி வழுக்கினாலே போதும்.

அடுத்தது தராசோட்டம். கொழுந்து பொதுவாக நாளுக்கு இரண்டு அல்லது மூன்று தடவை நிறுக்கப்படும். கைப்பிள்ளைக்காரிக்கு அது தராசு முள்ளைவிட நேரத்தையே பொறுத்தது. முதலில் நிறுத்தவள் முதலில் பிள்ளையிடம் போகலாம். ஆகவே கூடை நிறைந்திருந்தும் அவள் ஓடுகிறாள். ஓடுவதால் கூடையில் கொழுந்து அமுங்கி, பாதி கூடைபோலத் தெரிவது இந்த ஓட்டத்தின் பக்கவிளைவு. நிறை மாறாவிட்டாலும் கங்காணியின் முகம் மாறும். வரிசையில் “பிள்ளைக்காரிக்கு வழிய விடுங்க” என்று யாராவது ஒரு அக்கா குரல் கொடுப்பது உண்டு. அந்தக் குரல் கொடுப்பவள் பெரும்பாலும் பிள்ளைகள் வளர்ந்துவிட்டவளாக இருப்பாள். தானே பிள்ளைக்காரியாக வரிசையில் நிற்பவள் அந்த நேரத்தில் மற்றவளுக்காகப் பேசுவது குறைவு.

மழையோட்டமும் பைப்போட்டமும் பருவத்தைச் சார்ந்தவை. ஊவாவுக்குப் பெருமழை ஒக்டோபருக்குப் பின் வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. அக்காலத்தில் காயப்போட்ட பிள்ளைத் துணிக்கும் மழைக்கும் இடையே நாளுக்கு ஒரு போட்டி நடக்கும். மலையில் நிற்பவள் இதில் கலந்துகொள்ள முடியாதென்பதால் லயத்தில் இருக்கும் அப்பாயி அவள் சார்பில் ஓடுவாள். ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை மலையைத் தாண்டிவரும் தென்மேற்குக் காற்று ஈரத்தை மறுபக்கத்தில் கொட்டிவிட்டு வறண்டு இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கித் தந்த வாசனை இந்த வறட்சியில்தான் உண்டாகிறது. கொழும்பில் ஏலம் எடுப்பவருக்கு அது பொற்காலம். தோட்டத்தில் அதே காலத்தில் கொழுந்து குறையும், பைப்பில் தண்ணீர் குறையும். தராசுக்கு ஓடுவது தணிந்து தண்ணீருக்கு ஓடுவது மிகும். மொத்தத்தில் ஓட்டத்தின் அளவு ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். அது திசையை மட்டும் மாற்றிக்கொள்கிறது.

குளவி ஓட்டம் தனி இனம். கூடு கலைந்தால் முழு நிரையும் கூடையைப் போட்டுவிட்டு ஓடும். உயிர்ச்சேதம்வரை போன சம்பவங்கள் மலையகத்தில் பல உண்டு. ஆகவே அதை இந்த வகைப்பாட்டில் வேடிக்கைக்கு எடுத்துக்கொள்ளாமல் விடுவதே முறை.

பாலூட்டும் இடைவேளையின் கணிதம்

காரண ஓட்டங்களில் சட்டத்தின் ஆதரவு பெற்றது ஒன்றே. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பின்வந்த திருத்தங்களோடு, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தொழிலாளிக்கு ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு இடைவேளைகளை உறுதிசெய்கிறது. வேலைத்தலத்தில் பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையாது. இல்லாவிட்டால் ஒரு மணிக்குக் குறையாது. சட்டம் எழுதியவர்கள் மடுவத்தைத் தொழிற்சாலைக் கட்டடத்தின் அடுத்த அறையாகக் கற்பனை செய்திருக்க வேண்டும். தோட்டத்தில் மடுவம் கீழே, மலை மேலே.

இதிலிருந்து ஒரு சமன்பாடு பிறக்கிறது. பால் குடிக்கும் நேரம் என்பது முப்பதிலிருந்து இறங்கும் நிமிடங்களையும் ஏறும் நிமிடங்களையும் கழித்து வருவது. இறங்கப் பன்னிரண்டு, ஏறப் பதினைந்து என்று நடந்தே போனால் பிள்ளைக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். அதற்குள் பிள்ளையை எழுப்பவே முடியாது. எழுப்பினால் தூங்கவைக்க முடியாது. குறுக்கில் ஓடி இறக்கத்தை ஐந்தாகவும் ஏற்றத்தைப் பத்தாகவும் சுருக்கினால் பதினைந்து நிமிடம் மிஞ்சும். அதாவது ஓட்டத்தால் மிச்சப்படும் ஒவ்வொரு நிமிடமும் அப்படியே பாலாக மாறுகிறது. உலகில் வேறெந்த ஓட்டத்திலும் வேகத்தின் பலன் இவ்வளவு நேரடியாக இன்னொருவர் வயிற்றில் சேர்வதில்லை. இடுப்பில் கட்டிய படங்கைக் கழற்றிக் கை கால் கழுவுவதற்கும் இதிலிருந்தே நேரம் எடுக்க வேண்டும். தாய் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் பிள்ளை அவள் மார்பின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து ஆடியபடி குடிப்பதும், அதையே தாலாட்டாக எடுத்துக்கொண்டு நான்காம் நிமிடத்தில் தூங்கிவிடுவதும் நடக்கும். அப்படித் தூங்கினால் மிச்சம் பதினொரு நிமிடத்தை என்ன செய்வது என்பதற்குச் சட்டத்தில் வழி சொல்லப்படவில்லை.

வெளிநாடுகளில் இதன் கிளைவகை ஒன்று புகழ்பெற்றிருக்கிறது. 2018இல் ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்கைச் சுற்றி நடந்த ஏறத்தாழ 170 கிலோமீற்றர் ஓட்டத்தில் சோஃபி பவர் என்ற பிரித்தானியப் பெண், வழியில் ஒரு தரிப்பிடத்தில் மூன்று மாதக் குழந்தைக்குப் பால் கொடுத்தார். அந்தப் படம் உலகெங்கும் சுற்றியது. 2019 ஜனவரியில் ஜாஸ்மின் பாரிஸ் 430 கிலோமீற்றர் அளவுள்ள ஸ்பைன் ஓட்டத்தை 83 மணி 12 நிமிடத்தில் முடித்து, ஆண்களையும் சேர்த்து முதலாவதாக வந்தார்; இடைநிலையங்களில் பாலைப் பீய்ச்சி எடுத்துவைத்துக்கொண்டே ஓடினார். இருவரது சாதனையும் ஐயத்துக்கு இடமற்றது. ஊவாவின் நடைமுறையோடு ஒப்பிடும்போது இரு வேறுபாடுகள் மட்டும் குறிப்பிடத்தக்கவை: அங்கே தரிப்பிடத்தில் சூப் தருவார்கள், அங்கே ஓட்டம் ஒரு நாள் முடிந்துவிடும்.

எண்பத்து நான்கு நாள்

பேறுக்குப் பின் எப்போது ஓடத் தொடங்கலாம் என்ற வினாவில் மருத்துவமும் சட்டமும் ஏறத்தாழச் சந்தித்துக்கொள்கின்றன. 2019இல் பிரித்தானியாவின் இயன்மருத்துவர்கள் டொம் கூம், கிராஞ்ஞ டொனலி, எமா புரொக்வெல் ஆகியோர் வெளியிட்ட வழிகாட்டி, மூன்று மாதங்களுக்கு முன் ஓட்டத்துக்குத் திரும்புவதைப் பரிந்துரைக்கவில்லை. இடுப்புத்தளத் தசையும் வயிற்றுச் சுவரும் தேறுவதற்கு அவ்வளவு காலமாவது வேண்டும். தும்மும்போது சிறுநீர் கசிந்தாலோ அடிவயிற்றில் கனம் தொங்குவதுபோல் இருந்தாலோ இன்னும் காத்திருக்க வேண்டும். இலங்கையில் மகப்பேற்று விடுமுறை 84 நாள், அதாவது பன்னிரண்டு வாரம். மூன்றாம் பிள்ளைக்கும் அதற்கு மேலும் 42 நாளாக இருந்ததை 2018ஆம் ஆண்டுத் திருத்தம் எல்லாப் பிள்ளைக்கும் 84 ஆக்கியது. இயன்மருத்துவரின் பன்னிரண்டு வாரமும் இலங்கைச் சட்டத்தின் பன்னிரண்டு வாரமும் ஒன்றையொன்று அறியாமலே பொருந்தியதைக் கண்டு மகிழும்முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சட்டத்தின் கணக்கில் பதினான்கு நாள் பேறுக்கு முன்னரே கழிகிறது. பேறுக்குப் பின் எஞ்சுவது எழுபது. ஆக மருத்துவம் ஓடாதே என்று சொல்லும் கடைசி இரண்டு வாரத்தில் பிரட்டு ஓடு என்கிறது.

வரலாற்றில் தாய்மாரின் ஓட்டத்துக்கு 1948 ஒரு முக்கிய ஆண்டு. லண்டன் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஃபானி பிளாங்கர்ஸ்-கூன், முப்பது வயதில், இரண்டு பிள்ளைகளின் தாயாக, நான்கு தங்கம் வென்றார். பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடுகிறாரே என்று அதற்கு முன் அவரைக் கண்டித்தவர்கள் உண்டு. பிறகு பத்திரிகைகள் அவரைப் பறக்கும் இல்லத்தரசி என்று கொண்டாடின. அதே 1948இல் இயற்றப்பட்ட இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ஊவாவிலிருந்து ஒருத்தி அன்று அவரைவிட வேகமாக ஓடியிருந்தாலும் எந்தக் கொடியை ஏற்றுவது என்ற சிக்கல் எழுந்திருக்கும்.

இடுகுறி ஓட்டமும் அதன் தடைகளும்

இடுகுறி ஓட்டத்துக்கு நேரமும் மூச்சும் முக்கியத் தடைகள் என்று கருதப்படுகிறது. இது நகரத்துக் கருத்து. பதுளை நகரில் வின்சன்ட் டயஸ் மைதானத்தைச் சுற்றி விடியற்காலையில் ஓடும் ஆசிரியைக்கும் கந்தோர் ஊழியைக்கும் உண்மையில் நேரமே தடை. இடியாப்பம் அவிந்து, ஸ்கூல் வேன் வரும்முன் எல்லாம் முடிய வேண்டும். ட்ரக் சூட்டும் சப்பாத்தும் அணிந்திருப்பதால் அவர் ஏன் ஓடுகிறார் என்று யாரும் கேட்பதில்லை. உடுப்பே விடை சொல்லிவிடுகிறது.

தோட்டத்தில் கேள்வி முதலில் வரும். அங்கே பெண் ஓடுவது ஒரு செய்தி. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது, அம்புலன்ஸ் வருகிறது, பிள்ளை எதையோ விழுங்கிவிட்டது, மாடு அவிழ்ந்துவிட்டது என்பவற்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும். ஆகவே றோட்டில் ஓடுபவளை நிறுத்திக் கேட்பது அக்கம்பக்கத்தாரின் உரிமை மட்டுமன்றிக் கடமையும் ஆகிறது.

“எங்க புள்ள ஓடுற? யாருக்கு என்ன?”

“ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான்.”

“சும்மாவா? வீட்ல ஏதும் சண்டையா?”

இங்கே ஓட்டம் முடிந்துவிடுகிறது. இதற்கு மேல் தரும் எந்த விடையும் நிலைமையை மோசமாக்கும். உடம்பு குறைக்க என்றால் உடம்பா, உனக்கா என்பார்கள். மனசுக்கு நல்லா இருக்கு என்றால் மாலைக்குள் மாமியாருக்குத் தகவல் போகும். பகல் முழுதும் காரணத்தோடு ஓடியபோது ஒருவரும் நிறுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே இந்த ஆய்வு வந்தடையும் முடிவு: தோட்டத்துத் தாயிடம் காலும் உண்டு, மூச்சும் உண்டு, தேடினால் அரை மணியும் கிடைக்கும், அவளிடம் இல்லாதது தனக்காக ஓடுவதற்கான அனுமதி. ஓட்டத்தின் மறுமுனையில் யாராவது பசியோடோ கோபத்தோடோ காத்திருக்கும்வரைதான் அது ஒழுங்கான ஓட்டமாகக் கொள்ளப்படுகிறது.

இவ்விதிக்கு விலக்குப் பெற்ற ஒரு சாரார் உண்டு. எல்லவிலும் அப்புத்தளையிலும் தங்கும் வெளிநாட்டுப் பயணிகள் குட்டைக் காற்சட்டையோடு தேயிலைக்கு நடுவே ஓடும்போது யாருக்கு என்ன என்று எவரும் கேட்பதில்லை. தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து வாங்கிய தம்பத்தென்னைத் தோட்டத்தின் மேலே, அவர் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் லிப்டன் சீற்வரை விடியலில் ஓடியே ஏறுபவர்கள் இருக்கிறார்கள். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி அப்புத்தளை, எல்ல, தெமோதரைப் பகுதிகளைத் தொட்டு நுவரெலியாவில் முடியும் பீக்கோ ட்ரெயில் 300 கிலோமீற்றருக்கு மேல் நீளமும் 22 கட்டங்களும் கொண்டது. அதில் நல்லதொரு பகுதி பழைய தோட்டப் பாதைகளே. ஒரே பாதையில் ஒருவர் காரணமின்றி ஓட ஆயிரக்கணக்கான மைல் கடந்து வருகிறார். இன்னொருத்தி காரணமின்றி ஓட முடியாமல் ஒரு காலிப் போத்தலைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

காரண இடுகுறி ஓட்டம்

காலிப் போத்தல் மூன்றாம் வகையின் அடிப்படைக் கருவி. காரணம் கையில் தெரியும்படி இருந்தால் கேள்வி எழாது என்பதே இவ்வகையின் கொள்கை. கருவிகளுள் தரவேறுபாடு உண்டு. வெற்றுப் பை பலவீனமானது; கடைக்கா என்று கேட்டு, எனக்கும் ஒரு தேங்காய் என்று காசைத் திணிப்பார்கள். குடை மழைக்காலத்தில் செல்லும், காற்றுக்காலத்தில் ஐயம் எழுப்பும். கிளினிக் அட்டை வலுவானது, ஆனால் மிட்வைஃப் வராத நாளில் பயன்படாது. எல்லாவற்றிலும் வலுவானது மருந்துப் போத்தல். அதைக் கையில் பிடித்து ஓடுபவளை எவரும் மறிப்பதில்லை. எதிரே வருபவர் ஒதுங்கி வழிவிடுவார். குறை ஒன்றே: பொழுது சாய்வதற்குள் முழு லயமும் பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று வந்துவிடும், அந்தப் பிள்ளை வாசலில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் நின்று குதித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது உத்தி நீட்சி. ஏற்கெனவே உள்ள ஒரு காரண ஓட்டத்தைச் சற்று நீளமாக்குவது. பிள்ளை மடுவத்திலிருந்து லயத்துக்குக் கீழ்ப் பாதை இருக்க, மேல் டிவிசன் பாதையால் சுற்றிப் போகலாம். பார்ப்பவர் கண்ணுக்கு அவள் பிள்ளையிடம் போகிறாள் அல்லது வேலையிலிருந்து வருகிறாள், இரண்டும் மரியாதையானவை. ரயில் பாதை தெமோதரையில் செய்ததை இவளும் செய்யலாம் என்று இவ்வாய்வு இந்த இடத்தில் தன் முந்திய கருத்தைத் தளர்த்திக்கொள்கிறது. காலையில் இது இயலாது. மாலையில், ஆயாம்மா நல்ல மனநிலையில் இருந்து, மடுவம் மூடும் நேரத்துக்குச் சற்று முன்பாகத் தராசு முடிந்தால் இயலும். மூன்றும் ஒன்றுசேரும் நாள் மாதத்தில் சில உண்டு. பயிற்சித் திட்டத்தை அதற்கேற்ப வகுத்துக்கொள்வது நலம்.

மூன்றாவதும் சிறந்ததுமான உத்தி பிள்ளையையே காரணமாக்குவது. பிள்ளைக்குப் பின்னால் ஓடும் தாயை உலகில் எவரும் கேள்வி கேட்பதில்லை. பிடி பிடி என்று உற்சாகமும் கொடுப்பார்கள். ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை இதற்கு மிகப் பொருத்தம். அது திடீரென்று பாய்ந்து ஓடும்; அட்டையைக் கண்டு நிற்கும்; கல்லைப் பொறுக்கும்; எதிர்த்திசையில் பாயும். ஸ்வீடன் நாட்டுப் பயிற்சியாளர் கோஸ்டா ஹொல்மர் 1930களில் வகுத்த ஃபார்ட்லெக் முறையில், ஓடுபவர் வேகத்தையும் மெதுவையும் தன் மனப்போக்கில் மாற்றி மாற்றி ஓடுவார். உலக வீரர்கள் பலர் இன்றும் அதைக் கைக்கொள்கிறார்கள். இரண்டு வயதுப் பிள்ளை இம்முறையை எவரிடமும் கற்காமலே முழுமையாக அறிந்திருக்கிறது. மனப்போக்கு தாயுடையதாக இல்லாமல் பிள்ளையுடையதாக இருப்பதே வேறுபாடு. மூன்றரை வயதுக்குப் பின் “யாரு மொதல்ல கோயிலுக்கு?” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தாய் தோற்க வேண்டும் என்பது விதி. ஆனால் அதிகம் தோற்றால் பிள்ளைக்கு ஐயம் வரும்.

தள்ளுவண்டியோடு ஓடும் முறை மேல்நாடுகளில் பரவலாக உண்டு. குறுக்குப் பாதையில் தள்ளுவண்டிக்குத் தள்ளுபவர் தேவைப்படாது என்பதால் அம்முறை இங்கு ஆராயப்படவில்லை.

உடையும் உணவும்

இவற்றில் சொல்லக்கூடியது கொஞ்சம். ஓட்டத்துக்குப் படங்கு ஏற்றதன்று, முழங்காலில் அடிபடும். ஆனால் கழற்றிக் கையில் பிடித்தால் அதுவே நல்ல காரணப் பொருள். ஈரப் படியில் இறங்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது மரபு; கால்விரல் மண்ணைப் பிடிப்பதுபோல் எந்தச் செருப்பும் பிடிப்பதில்லை. அட்டைக்கு ஈரச் சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக்கொள்வதே இன்றளவும் நம்பகமானது.

உணவில் காலை ரொட்டியும் சம்பலும் ஓட்டத்துக்குப் போதிய மாச்சத்தைத் தரும். அதோடு குடிக்கும் சாயத்தண்ணி, உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது. ஒரு மணி தள்ளிக் குடிப்பது நல்லது என்று கிளினிக்கில் சொல்வார்கள். ஒரு மணி தள்ளினால் அவள் மலையில் நிற்பாள், தேத்தண்ணி லயத்தில் இருக்கும். பாலூட்டும் தாய்க்கென்று கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா பக்கற்றை வீட்டில் முதலில் கண்டுபிடிப்பது மூத்த பிள்ளை. பிறகு அது தாய்க்கென்று வந்தது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு தாயுடையது.

போட்டியும் வயதெல்லையும்

ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரைப் புத்தாண்டை ஒட்டியோ பொங்கலை ஒட்டியோ நடக்கும் தோட்ட விளையாட்டுப் போட்டியில், திருமணமான பெண்கள் காரணமின்றி ஓடுவதற்கு எல்லோர் முன்னிலையிலும் இடம் கிடைக்கிறது. கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடுவதும் சாக்குக்குள் காலை விட்டு ஓடுவதும் இதில் அடக்கம். வெறுங்காலோடு வெறுங்கையோடு நேராக ஓடுவதைவிட இவற்றுக்கே ஆதரவு அதிகம்; கையில் ஒரு பழமாவது இருந்தால்தான் பார்ப்பவருக்கு மனம் ஆறுகிறது. பரிசு பெரும்பாலும் பிளாஸ்டிக் பேசின், தேத்தண்ணிக் கோப்பைச் செட், பூக்கூடை என்ற வரிசையில் வரும். ஆகவே வென்றவள் ஓடியது பேசினுக்காக என்று மறுநாள் ஊர் தீர்த்துவிடும். அந்த ஓட்டமும் காரண ஓட்டத்தில் சேர்க்கப்பட்டுவிடும்.

கடைசிப் பிள்ளை முதலாம் தரத்தில் சேரும் நாளோடு கைப்பிள்ளைக்காரி என்ற தகுதி நீங்குகிறது. அதன் பின் ஏழரை மணிப் பள்ளிக்கூடமும், அதற்கு முன் வரும் ஒரே பஸ்சும் சேர்ந்து உருவாக்கும் ஓட்டம் வேறு விதிகளுக்கு உட்பட்டது. அதில் ஓடுவது பிள்ளை, கத்துவது தாய். அதுவரை வளர்ந்த காலும் மூச்சும் சில ஆண்டுகள் சும்மா இருந்து, அவள் அம்மாயி ஆனதும் மீண்டும் வேலைக்கு வருகின்றன. அம்மாயி ஓடக்கூடாது, முழங்கால் போய்விடும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பிள்ளை ஏற்கெனவே றோட்டில் பாதி தூரம் போயிருக்கும்.